மோட்டாருக்குப் போன ஓடிபி

கைபேசியை நம்பக் கூடாது என்று செங்கல்வராயன் தீர்மானித்து நாலு வருஷம் இருக்கும். பட்ட பாடு அப்படி. ஒன்று கிணற்றில் விழுந்தது. இன்னொன்றை மதுராந்தகம் பஸ்ஸில் விட்டான், போனது போனதுதான். மூன்றாவதன் மேல் தன் மினி லாரியின் பின்சக்கரத்தைத் தானே ஏற்றினான். போன் போகும்போது நம்பரும் போகிறது, கடைக்காரன் புது சிம் ஒன்றைத் தலையில் கட்டுகிறான், பழைய நம்பரை எழுதிக் கொடுத்த இடத்திலெல்லாம் மறுபடி போய்க் கைகட்டி நிற்க வேண்டியிருக்கிறது. ஆனால் வயலில் இருக்கிற மோட்டார்? அது எங்கே போகும்? சிமெண்ட் போட்டு நட்டு வைத்தது, எழுந்து ஓடவா போகிறது?

செய்யூருக்கு மேற்கே நாலு கிலோமீட்டரில் அவன் நிலம். கிணற்று மோட்டார் ரூமில் சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் மொபைல் ஸ்டார்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் ஒரு சிம். வீட்டில் பாயில் படுத்தபடியே அந்த நம்பருக்கு அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். ஆனால் மோட்டாரின் நம்பரை ரேஷன் கார்டில் ஏற்றியவனும், காஸ் கனெக்‌ஷனுக்குக் கொடுத்தவனும், ஆதாரில் பதிந்தவனும் செங்கல்வராயன் ஒருத்தன்தான். ‘நிலையான நம்பர்’ என்று அதற்குப் பெயரே வைத்திருந்தான்.

எங்கிருந்தாவது ஓடிபி வரவேண்டும் என்றால் மனைவி கன்னியம்மாவின் ஹேர்பின் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போவான். பெட்டியைத் திறந்து, உள்ளே குடியிருக்கும் குளவியை ஊதி விரட்டி, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டு, வந்த ஆறு எண்ணையும் பார்த்துவிட்டு, சிம்மை மோட்டாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வருவான்.

“ஊர்ல எல்லாருக்கும் மெசேஜு வூட்டுக்கு வரும். எங்க வூட்டுக்காரரு மட்டும் மோட்டாரு ரூமுக்குப் போய் வாங்கினு வருவாரு” என்று கன்னியம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். தன் ஏற்பாட்டில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மே மாதம் மகள் பூங்கொடி நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டபோதும் அந்த நம்பரைத்தான் கொடுத்தான். தன் நம்பரைப் போட்டால் என்ன என்று அவள் கேட்டுப் பார்த்தாள். “உம் போனு நாளிக்கே தொலையும். மோட்டாரு தொலையுமா?” என்று வாயை அடைத்துவிட்டான்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். அந்தக் கிணறு முழுக்க அவனுடையது அல்ல. பங்குக் கிணறு. மறுபாதி அவன் சித்தப்பா மகன் வெங்கடேசனுக்கு. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம் ஆகிறது. வெங்கடேசன் தன் வரப்போரம் சவுக்கு நட்டான். அது வளர்ந்து அதன் நிழல் செங்கல்வராயனின் வேர்க்கடலை மேல் விழுந்தது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் வார்த்தை தடித்தது. அவ்வளவுதான். முன்காலமாக இருந்தால் தண்ணீர் முறை மாறும்போதாவது ‘நான் நிறுத்திட்டேன், நீ போட்டுக்கோ’ என்று ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். இப்போது அதுவும் வேண்டியதில்லை. இன்றைக்கு இவன், நாளைக்கு அவன். மோட்டார் இரண்டு பேர் போனுக்கும் கட்டுப்பட்டது. சண்டையை வாடாமல் வைத்துக்கொள்ள இதைவிட வசதி கிடைக்குமா?

அக்டோபர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி நாலு. செய்யூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கலையரசன் நடத்தும் பிரௌசிங் சென்டரில் பூங்கொடியும் கன்னியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பூங்கொடிக்குச் செங்கல்பட்டிலேயே அரசாங்கக் கல்லூரியில் இடம் ஒதுக்கியிருந்தது. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும் தூரம். கன்னியம்மா அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். இனி ஒரே ஒரு வேலைதான். கம்ப்யூட்டரில் ‘சம்மதம்’ என்பதை அழுத்த வேண்டும், பதிந்த நம்பருக்கு ஓடிபி வரும், அதைப் போட வேண்டும். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு. போடாவிட்டால் இடம் அடுத்த ராங்க்காரருக்குப் போய்விடும்.

செங்கல்வராயன் முந்தைய நாள் முழுக்க மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலுக்கு லோடு இறக்கிக்கொண்டிருந்தான். அதனால் வேலை கடைசி நாளுக்குத் தள்ளிப் போய்விட்டது. இன்று ஹேர்பின்னோடு நேரே வயலுக்கு வந்து, குளவியை விரட்டி, சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டான். ‘சேவை இல்லை’ என்றது போன். துடைத்துப் போட்டான். ஊதிப் போட்டான். சட்டை ஓரத்தில் தேய்த்து, சாமியை நினைத்துக்கொண்டு போட்டான். சேவை இல்லை.

தன் சொந்த சிம்மை மறுபடி மாட்டிக் கலையரசனைக் கூப்பிட்டான்.

“அண்ணாத்த, ஒரு தபா அனுப்பிட்டேன். ஓடிபி வந்துச்சா?”

“சிம்மு செத்துக் கெடக்குதுபா.”

“ரீசார்ஜு எப்பப் பண்ண?”

செங்கல்வராயன் யோசித்தான். போன வருஷம் மே மாதம், ஒரு வருஷத்துக்கு. இந்த மே மாதம் வேர்க்கடலை பிடுங்கியதோடு நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு லாரி ஓட்டப் போய்விட்டான். மோட்டாருக்கு அடிக்க வேண்டிய வேலையே வரவில்லை.

“பிளான் முடியறதுக்கு முன்னாடி மெசேஜு மேல மெசேஜா அனுப்பியிருப்பானே” என்றான் கலையரசன்.

“எனுக்கு ஒண்ணியும் வரலியே.”

“உனுக்கு எப்படி வரும்? சிம்மு எங்க கீதோ அங்கதான் வரும்.”

வந்துதான் இருக்கிறது. ‘அன்பான வாடிக்கையாளரே, உங்கள் சேவை முடிவடைய உள்ளது’ என்று கம்பெனி கடமை தவறாமல் எச்சரித்திருக்கிறது. யாரை? மோட்டாரை. அது படிக்கவில்லை. மூணு மாசம் பார்த்துவிட்டுக் கம்பெனி நம்பரைப் பிடுங்கி, தூசு தட்டி, இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டது. இதில் சட்டவிரோதம் ஒன்றுமில்லை, நாட்டில் தினமும் நடப்பதுதான். ஒரு மனிதனுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, பத்து எண்தான் நீ என்று எல்லா ஆபீசும் எழுதிக்கொள்கிறது. அப்புறம் அந்தப் பத்து எண்ணையே ஒருநாள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள், எந்த ஆபீசுக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. இதைக் கட்டினவர்கள் எல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்களாம். செங்கல்வராயனின் புத்தியைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

“நம்பர மாத்திடுபா” என்றான்.

“மாத்தலாம். மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஓடிபி வரும்.”

“அந்த ஹெல்ப்லைனு?”

“காலையிலேர்ந்து யாரு அடிச்சாலும் பாட்டுத்தான் பாடிகினு கீது. அண்ணாத்த, மூணு தபாதான் அனுப்ப முடியும். ஒண்ணு பூட்ச்சி. அந்த நம்பரு இப்ப யாருகிட்டயோ கீது. அடிச்சிக் கேளு.”

பின்னால் கன்னியம்மா, “இன்னாவாம்? இன்னா சொல்றாரு?” என்று கேட்பது காதில் விழுந்தது. பூங்கொடியின் குரல் கேட்கவில்லை. அவள் பயந்தால்தான் பேசாமல் இருப்பாள்.

தன் நிலையான நம்பருக்கு அடித்தான். ‘மோட்டார் இயங்குகிறது’ என்று பெட்டி பேசும் குரலைப் பழக்கத்தில் எதிர்பார்த்தான். “ஹலோ” என்றது ஒரு பெண்.

“அம்மா, நீங்க யாருன்னு தெரில. இது எங்க மோட்டாரு நம்பரு. எம் பொண்ணுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. உங்க போனுக்கு ஒரு ஆறு நம்பரு வந்திருக்கும், அத்த மட்டும் சொன்னீங்கன்னா—”

சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? ஓடிபியைக் கேட்டால் கொடுக்காதே என்று வங்கியிலிருந்து ரேடியோ வரைக்கும் பத்து வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். திருடன் பேசுகிற மாதிரியேதான் அவனும் பேசினான், ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

மறுபடி அடித்தான். எடுத்தாள்.

“சார், போலீஸ்ல சொல்லிடுவேன். எங்க மாமனார் இப்படித்தான் ஒரு ஓடிபியைச் சொல்லிட்டு ஆறு மாசம் வீட்டை விட்டு வெளியே வரலை. உங்களுக்கு எல்லாம் மனசாட்சியே கிடையாதா?”

“சத்தியமா மோட்டாருமா. செய்யூராண்ட எங்க கெணத்து மோட்டாரு.”

“அது வெங்கடேசன் அண்ணாவோட மோட்டார். எனக்குத் தெரியாதா? அவரைத் தவிர வேற யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்” என்றாள். வைத்துவிட்டாள். அடுத்த முறை அடித்தபோது மணியே போகவில்லை.

செங்கல்வராயனுக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைப்பானேன். வெங்கடேசன் அண்ணாவின் மோட்டாராம்! பாதி யாருடையது? ஸ்டார்ட்டர் வாங்கினது யார்? அதற்கப்புறம்தான் விஷயம் மண்டையில் ஏறியது. வெங்கடேசன் இந்தப் பெண்ணோடு பேசியிருக்கிறான். அப்படியானால் நம்பர் கைமாறியது அவனுக்குத் தெரியும். ஜூன் மாசமே மோட்டார் போனுக்குக் கட்டுப்படாமல் போயிருக்கும். சிம் செங்கல்வராயன் பெயரில் இருந்தது. சரிசெய்ய வேண்டும் என்றால் செங்கல்வராயனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். அதைப் பேசாமல், அஞ்சு மாசமாக விடிகாலையில் நடந்து வந்து கையால் சுவிட்சைப் போட்டிருக்கிறான் மனுஷன். என்ன வீம்பு! அவன் இடத்தில் இருந்தால் தானும் அதைத்தான் செய்திருப்போம் என்று செங்கல்வராயனுக்குத் தெரிந்தது. ஒரே ரத்தம் அல்லவா?

மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தான். வெங்கடேசன் நூறடி தள்ளித் தன் கத்தரிக் கொல்லையில் குனிந்து பூச்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. மணி நாலு முப்பத்தைந்து.

கலையரசன் கூப்பிட்டான். “அண்ணாத்த, ரெண்டாவதும் அனுப்பிப் பாத்தேன், டைமு முடிஞ்சிட்ச்சி. இனிமே ஒண்ணுதான் கீது. நீ சொன்னாத்தான் அழுத்துவேன்.”

“லைன்லயே இரு” என்று சொல்லிவிட்டுச் செங்கல்வராயன் நடந்தான். அந்த நூறடியைப் போல ஒரு தூரம் அவன் லாரியில்கூடப் போனதில்லை. வரப்பைத் தாண்டி வெங்கடேசன் நிலத்தில் கால் வைக்கும்போது, இந்த மூஞ்சியை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பூங்கொடி பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். கால் முன்னால் போனது.

பேச்சு இல்லாதவர்கள் பேசியாக வேண்டும் என்றால் அந்தப் பக்கத்தில் ஒரு வழி உண்டு. ஆளைப் பார்த்துப் பேசக் கூடாது. சுவரைப் பார்த்துப் பேசலாம், மாட்டைப் பார்த்துப் பேசலாம். செங்கல்வராயன் கத்தரிச் செடியைப் பார்த்துப் பேசினான்.

“பூங்கொடிக்கு செங்கல்பட்டுல நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது. அஞ்சு மணிக்குள்ள ஒரு ஓடிபி போடணும். அது மோட்டாரு நம்பருக்குப் போவுது. அந்த நம்பரு ஒரு பொண்ணாண்ட கீது. அந்தப் பொண்ணு என்ன நம்ப மாட்டேங்குது. வெங்கடேசன் சொன்னாத்தான் நம்புமாம்.”

கத்தரிச் செடி பேசவில்லை. வெங்கடேசன் கையிலிருந்த பூச்சிக்காயைக் கீழே போட்டான். எழுந்தான். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து தன் பட்டன் போனை எடுத்தான். அதில் ஒரே ஒரு பெயரைத் தேடி அழுத்துவதைச் செங்கல்வராயன் ஓரக்கண்ணால் பார்த்தான். ‘மோட்டார்’ என்றுதான் இன்னும் போட்டிருந்தான்.

“வசு கண்ணு, நான்தாம்மா.”

அந்தப் பெண்ணின் பெயர் வசுமதி, ஊரப்பாக்கத்தில் குடியிருக்கிறாள் என்பதெல்லாம் செங்கல்வராயனுக்குப் பிறகுதான் தெரிந்தது. செப்டம்பரில் புது சிம் வாங்கிய மூன்றாம் நாள், விடிகாலை அஞ்சே முக்காலுக்கு அவள் போன் அடித்திருக்கிறது. இத்தனை நாள் செத்துக் கிடந்த நம்பருக்கு உயிர் வந்துவிட்டதா என்று வெங்கடேசன் சும்மா அடித்துப் பார்த்திருக்கிறான். அவள் சண்டை போட, அவன் மோட்டார் கதையைச் சொல்ல, அவள் தூக்கக் கலக்கத்திலும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டு, “அண்ணா, நான் ஆறரை மணி ட்ரெயினைப் பிடிக்கணும். அலாரம் வெச்சா அமுக்கிட்டுத் தூங்கிடறேன். நீங்க வயலுக்குப் போறப்போ தினம் ஒரு மிஸ்டு கால் குடுப்பீங்களா?” என்று கேட்டாளாம். அன்றிலிருந்து தினமும் சுவிட்சைப் போட்டதும் ஊரப்பாக்கத்துக்கு ஒரு மணி அடித்துவிட்டுத்தான் வெங்கடேசன் பல் விளக்கினான். மோட்டாரைத்தான் எழுப்ப முடியவில்லை, அந்தப் பெண்ணையாவது எழுப்புவோமே என்று.

“நல்லா கீறியாமா? ஆபீஸா? சரி, கேளு. இப்ப ஒருத்தரு போன் பண்ணாரில்ல, ஓடிபின்னு. அவரு திருடன் இல்ல.”

அவள் ஏதோ கேட்டாள். நீளமாகக் கேட்டாள். வெங்கடேசன் கேட்டுக்கொண்டே நின்றான். அவன் போனில் ஸ்பீக்கர் வேலை செய்யாது. செங்கல்வராயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மணி நாலு நாற்பத்து நாலு.

“தெரியும்மா” என்றான் வெங்கடேசன். “யாருக்கும் சொல்லக் கூடாதுதான். உங்க மாமனாரு விசயம் நீ சொல்லியிருக்க. ஆனா பூங்கொடி எம் பொண்ணு. அதுக்கு மொத மொத மொட்டை அடிச்சப்ப மடியில வெச்சிகினு இருந்தவன் நான். தப்பாப் போச்சின்னா என்ன வந்து கேளு, எங்கியும் ஓடிட மாட்டேன்.”

செங்கல்வராயன் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

“அழுத்துபா” என்றான் கலையரசனிடம். குரல் அவனுடையதாகவே இல்லை.

இரண்டு பேரும் காதில் போனோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கத்தரிக் கொல்லை நடுவில் நின்றார்கள். யாராவது பார்த்திருந்தால் இரண்டு பைத்தியம் என்றிருப்பார்கள். ஊரப்பாக்கத்துப் பெண்ணின் போனில் மெசேஜ் விழ வேண்டும். அவள் வெங்கடேசனுக்குச் சொல்ல வேண்டும். இவன் அவனுக்குச் சொல்ல வேண்டும். அவன் செய்யூருக்குச் சொல்ல வேண்டும். ஒரு நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. இன்னொரு நிமிஷம். டவர் போய்விட்டதோ என்று செங்கல்வராயன் தன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

“நாலு” என்றான் வெங்கடேசன்.

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவன் வாயிலிருந்து செங்கல்வராயனுக்கு வந்த முதல் வார்த்தை அது.

“நாலு” என்று செங்கல்வராயன் போனில் சொன்னான்.

“ஏழு.”

“ஏழு.”

“ஏழு.”

“ரெண்டாவது தபாவா?” என்று கேட்டுவிட்டான், நேராக வெங்கடேசனைப் பார்த்து.

“ஆமா, ரெண்டு ஏழு” என்றான் வெங்கடேசன், அவனும் நேராகப் பார்த்து. “அப்பால சைபரு.”

“சைபரு.”

“மூணு. ஒம்போது.”

“மூணு. ஒம்போது. போட்டியா? போட்டுட்டியா?”

கலையரசன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கன்னியம்மாவின் குரல், எந்தெந்தச் சாமியையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அப்புறம் பூங்கொடி போனைப் பிடுங்கிக்கொண்டு, “அப்பா, வந்துட்ச்சி. கன்ஃபார்ம்னு வந்துட்ச்சிப்பா” என்றாள். அழுதாள். அவனும் அழுதான். கொல்லையில் வேலை செய்கிறவன் கண்ணைத் துடைத்தால் வேர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். அவன் அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

“கெடச்சிட்ச்சி” என்றான்.

“கெடச்சிட்ச்சிமா” என்று வெங்கடேசன் தன் போனில் சொன்னான். வசுமதி அங்கே ஆபீசில் கத்தியது ஸ்பீக்கர் இல்லாமலே இவனுக்கும் கேட்டது. பிறகு அவள் ஏதோ சொல்ல, வெங்கடேசன் தலையாட்டிக்கொண்டே கேட்டான். போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினான்.

“அண்ணாத்த, அந்தப் பொண்ணு கேக்குது. இந்த நம்பர இன்னும் எத்தினி எடத்துல குடுத்து வெச்சிருக்க? எல்லாத்துக்கும் அதும் போனுக்குத்தான் ஓடிபி வரும், ஒண்ணொண்ணா மாத்தணும். சொல்றேங்குது. ஆனா ஒரு கண்டிசன். நான் எம் போன்லேர்ந்து அடிச்சாத்தான் சொல்லுமாம். நீயும் பக்கத்துல நிக்கணுமாம், ஒவ்வொரு தபாவும்.”

அண்ணாத்த என்று சொன்னதை வெங்கடேசன் கவனித்ததாகவே தெரியவில்லை. செங்கல்வராயன் கவனித்தான். விரலை மடக்கி எண்ணினான். ரேஷன் கார்டு, காஸ், ஆதார், கரண்ட் பில், உரக்கடை, லாரி இன்சூரன்ஸ், பால் சொசைட்டி. எண்ணி முடித்துவிட்டு மறுபடி ஒருமுறை சரிபார்த்தான். ஏழுதான் வந்தது.

“ஒம்போது கீதுன்னு சொல்லு” என்றான்.